‘விசுவாச துரோகம்’ என்ற சொல் யாருடையது?

வட்டக்கச்சியான்

வணக்கம். தமிழும் வேதாகமமும் தெரிந்தவர்கள் இங்கே இருப்பதால் கேட்கிறேன். என் சின்னம்மா, இடம்பெயர்ந்தோரை வைத்திருந்த செட்டிகுளம் முகாமிலிருந்து மீள்குடியேறிய பிறகு ஒரு சபையில் சேர்ந்து பல வருடங்கள் ஒழுங்காகப் போய்வந்தார். இந்த முறை வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குப் பால்செம்பு எடுத்துவிட்டார். அடுத்த ஞாயிறு சபையில் அவர் பெயரைச் சொல்லி, ‘இது விசுவாச துரோகம்’ என்று ஒலிபெருக்கியில் சொல்லியிருக்கிறார்கள். சபையை விட்டு விலக்கியதைக்கூடச் சின்னம்மா பொருட்படுத்தவில்லை. ‘துரோகி’ என்றதுதான் அவரைத் தின்கிறது. இந்தச் சொல் வேதாகமத்தில் உள்ளதா, அல்லது போதகர் கோபத்தில் சேர்த்ததா? மூலமொழியில் என்ன இருக்கிறது?

மல்லாவி ரீச்சர்

தம்பி, போதகர் சேர்க்கவில்லை. சொல் வேதாகமத்திலேயே இருக்கிறது. பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதிய இரண்டாம் நிருபம், 2ஆம் அதிகாரம், 3ஆம் வசனத்தைப் பாருங்கள். கடைசி நாளுக்கு முன்னால் ‘விசுவாச துரோகம் முந்தி நேரிட்டு’ என்று பழைய திருப்புதலில் வருகிறது. நம்முடைய சபைகள் பெரும்பாலும் வைத்திருப்பது அந்தத் திருப்புதல்தான். 19ஆம் நூற்றாண்டில் ஹென்றி பவர் தலைமையில் திருத்தப்பட்டது.

கிரேக்க மூலத்தில் இருப்பது ‘அப்பொஸ்தாசியா’. ‘அப்போ’ என்றால் அப்பால், ‘ஸ்தாசிஸ்’ என்றால் நிற்பது. அப்பால் போய் நிற்பது, அவ்வளவுதான். கோயிலில் பிறந்த சொல்லும் அல்ல. ஒரு நகரம் பேரரசுக்குத் திறை கட்டாமல் எழுந்துவிட்டால், ஒரு படைத்தலைவன் அணி மாறிவிட்டால், கிரேக்க வரலாற்றாசிரியர்கள் இந்தச் சொல்லால்தான் எழுதினார்கள். இன்றைய கிரேக்கத்திலும் அந்த வாசனை போகவில்லை. 1965இல் பப்பாண்ட்ரேயு அரசிலிருந்து உறுப்பினர்கள் பிரிந்து போனபோது அந்த நிகழ்வுக்கே ‘அப்பொஸ்தாசியா’ என்று பெயர் விழுந்தது. நம் ஊரில் கட்சி தாவல் என்போம்.

இதே சொல் புதிய ஏற்பாட்டில் இன்னொரு இடத்திலும் வருகிறது: அப்போஸ்தலர் 21:21. அங்கே பவுல்மீதே குற்றச்சாட்டு. யூதர்கள் மோசேயை விட்டு விலகும்படி அவர் போதிக்கிறாராம். அந்த இடத்தில் அதே தமிழ்த் திருப்புதல் என்ன போடுகிறது தெரியுமா? ‘மோசேயை விட்டுப் பிரிந்துபோகும்படி’. துரோகம் இல்லை, வெறும் பிரிவு. மோசேயை விட்டால் பிரிவு. நம்மை விட்டால் துரோகம்! மொழிபெயர்த்தவர்கள் எந்தத் திண்ணையில் உட்கார்ந்து எழுதினார்கள் என்பது இந்த இரண்டு வசனங்களை அருகருகே வைத்தாலே தெரிந்துவிடும்.

கத்தோலிக்கரும் மற்றோரும் சேர்ந்து செய்த திருவிவிலியம் தெசலோனிக்கேயர் வசனத்தில் ‘கிளர்ச்சி’ என்கிறது. அது மூலத்துக்குக் கிட்ட நிற்கிறது.

பாலைப்பழம்

வன்னியில் மதம் என்றால் முதலில் யானைதான் நினைவுக்கு வரும். விசுவாசம் என்றால் வீட்டு நாய். இரண்டையும் விட்டவனுக்கு நிம்மதி என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

மல்லாவி ரீச்சர்

பாலைப்பழத்துக்குப் பகிடி. ஆனால் ‘மதம்’ என்பதற்கு நன்னூல் என்ன பொருள் வைத்திருக்கிறது என்று பாருங்கள். ‘எழுவகை மதம்’ என்று ஒரு பட்டியல் உண்டு. உடன்படல் ஒரு மதம், மறுத்தல் ஒரு மதம், பிறர் மதத்தை ஏற்றுக்கொண்டு பிறகு களைவதும் ஒரு மதம். மதம் என்றால் அங்கே நூலாசிரியன் கொள்ளும் கொள்கை. எழுதிய பவணந்தி சமணர். கொள்கை என்றால் கொள்ளவும் செய்யலாம், களையவும் செய்யலாம். மணிமேகலை வஞ்சி நகரில் ஒவ்வொரு சமயக் கணக்கரிடமும் போய் அவரவர் கொள்கையைக் கேட்டுவிட்டு எழுந்து போகிறாள். யாரும் அவளைத் துரோகி என்று துரத்தவில்லை.

நெடுங்கேணியான்

ரீச்சர் சொல்வது சரிதான். சைவத்தில் இந்தச் சொல்லே இல்லை. வந்தவனை வா என்போம், போனவனைப் போ என்போம். மாவும் கூரைத் தகரமும் கொடுத்து ஆள் சேர்த்தவர்களுக்குத்தான், ஆள் போகும்போது துரோகம் என்று கத்த வேண்டியிருக்கிறது. வட்டக்கச்சித் தம்பி, சின்னம்மா தாய்வீட்டுக்குத் திரும்பியிருக்கிறார். அப்பர் சுவாமிகள் திரும்பவில்லையா?

மல்லாவி ரீச்சர்

நெடுங்கேணித் தம்பி, அப்பரை நீங்கள் அழைத்தது நல்லதாய்ப் போயிற்று. மருணீக்கியார் சமணத்தில் சேர்ந்து தருமசேனர் என்ற பெயரோடு அவர்களுக்குத் தலைமை தாங்கினார். சூலை நோய் வந்தது, தமக்கை திலகவதியாரிடம் வந்தார், திருவதிகையில் ‘கூற்றாயினவாறு’ பாடினார். நமக்கு இது திரும்பி வந்த கதை. பாடலிபுத்திரத்தில், அதாவது திருப்பாதிரிப்புலியூரில், அவரை நம்பி இருந்த சமணத் துறவிக்கு இது என்ன கதை? பெரியபுராணத்தின்படி அவர்கள் அரசனிடம் முறையிட்டார்கள். நீற்றறை, நஞ்சு, யானை, கல்லோடு கட்டிக் கடலில் தள்ளல் எல்லாம் நடந்தன. சேக்கிழார் எழுதியதால் நமக்குக் கிடைத்தது அடியார் சரித்திரம். சமணப் பள்ளியில் யாராவது எழுதியிருந்தால் தலைப்பு வேறாக இருந்திருக்கும்.

சைவத்தில் சொல்லே இல்லை என்பதையும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ‘சமயத் துரோகி’, ‘சிவத் துரோகி’ என்று மேடையில் பேசியவர்களை நானே கேட்டிருக்கிறேன். கிறிஸ்தவரிடம் நாங்கள் எதையும் கடன் வாங்கவில்லை என்று சொல்லிக்கொண்டே நிறைய வாங்கியிருக்கிறோம். ஆறுமுக நாவலர் பேர்சிவல் பாதிரியாரோடு இருந்து வேதாகம மொழிபெயர்ப்பில் உழைத்தவர். பிறகு அதே கையால் 1854இல் சைவதூஷண பரிகாரம் எழுதினார்.

இன்னொன்று. சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை கிறிஸ்தவராக வளர்ந்து, பிறகு சைவரானார். அவர் மகன் அழகசுந்தரம் கிறிஸ்தவத்துக்குப் போய் பிரான்சிஸ் கிங்ஸ்பெரி என்ற பெயரில் பாதிரியாராகப் பணி செய்தார். அப்பா ஒரு பக்கம் வர, மகன் மறுபக்கம் போகிறார். ஒரே வீட்டில் யார் துரோகி? சைவர் ஒருவரைக் காட்டுவார், சபையார் மற்றவரைக் காட்டுவார். இருவருமே தமிழுக்கு உழைத்தார்கள்.

மடு வீதி

நான் பரம்பரைக் கத்தோலிக்கன். எங்கள் பழைய செபப் புத்தகங்களில் ‘விசுவாச துரோகி’யைவிட ‘பதிதர்’ என்ற சொல்தான் அதிகம். திருச்சபையோடு இருந்து பிரிந்தவர்களை, குறிப்பாக லூத்தர் வழியினரை, அப்படிச் சொன்னார்கள். வீரமாமுனிவர் காலத்து வாதங்களில் இந்தச் சொல் பறக்கும். பதிதம் என்றால் விழுந்தது. இலத்தீனில் ‘லாப்சி’ என்பதற்கும் அதே பொருள்தான்: விழுந்தவர்கள்.

அந்த விழுந்தவர்களின் கதையை வன்னியில் இருப்பவர்கள் கட்டாயம் அறிய வேண்டும். 250இல் உரோமப் பேரரசன் தெக்கியுஸ், எல்லாரும் தேவர்களுக்குப் பலியிட வேண்டும் என்று ஆணையிட்டான். பலியிட்டவருக்கு அதிகாரிகள் முன்னிலையில் ஒரு சீட்டு கொடுக்கப்பட்டது. ‘நான் எப்போதும் தேவர்களுக்குப் பலியிட்டு வந்திருக்கிறேன், இப்போதும் உங்கள் முன் பலியிட்டு இறைச்சியைச் சுவைத்தேன்’ என்ற பாணியில் இருக்கும். எகிப்தின் மணலில் அப்படிப்பட்ட பாப்பிரசுச் சீட்டுகள் பல கிடைத்திருக்கின்றன. சில கிறிஸ்தவர்கள் பலியிட்டார்கள், சிலர் சாம்பிராணி மட்டும் போட்டார்கள், சிலர் ஒன்றும் செய்யாமல் காசு கொடுத்துச் சீட்டு வாங்கினார்கள். ஆபத்து நீங்கியதும் எல்லாரும் கோயில் வாசலில் வந்து நின்றார்கள். சேர்ப்பதா விடுவதா? கார்த்தேஜ் ஆயர் சிப்பிரியான் ஒவ்வொருவர் செய்ததையும் தனித்தனியாக நிறுத்துப் பார்த்தார். சீட்டு மட்டும் வாங்கியவனையும் பலியிட்டவனையும் ஒரே தராசில் போடவில்லை. தவம் செய்யச் சொல்லி, காலம் கொடுத்து, திரும்பச் சேர்த்தார்கள். பாஸ் இல்லாமல் ஓமந்தைச் சோதனைச்சாவடி தாண்ட முடியாத காலத்தை வாழ்ந்த நமக்கு, ஒரு சீட்டுக்காக மனிதன் எதையெல்லாம் சொல்வான் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

அடுத்து 303இல் தியோக்கிளேசியன் காலம். வேதநூல்களை ஒப்படை என்றார்கள். ஒப்படைத்தவருக்கு ‘திராதித்தோர்’ என்று பெயர் வந்தது, கையளித்தவன் என்று பொருள். துரோகி என்பதற்கு ஐரோப்பிய மொழிகளில் இன்றும் புழங்கும் சொல் அதிலிருந்து வந்தது. ஆகக் கிரேக்கரிடத்தில் விலகி நின்றவனுக்கு ஒரு சொல், காட்டிக்கொடுத்தவனுக்கு வேறு சொல். லூக்கா 6:16இல் யூதாசுக்கு ‘புரோதோத்தேஸ்’ என்று வருகிறது. பழைய தமிழ்த் திருப்புதல் அங்கும் ‘துரோகியான யூதாஸ்காரியோத்து’ என்கிறது. பால்செம்பு எடுத்த அம்மாவுக்கும் முப்பது வெள்ளிக்காசு வாங்கியவனுக்கும் தமிழில் ஒரே சொல்.

பாலைப்பழம்

இப்போது பகிடி விடமாட்டேன். மடு வீதி அண்ணா, ஒல்லாந்தர் காலத்தில் உங்கள் ஆட்களும் சீட்டு வாங்கினார்கள்தானே?

மடு வீதி

வாங்கினார்கள், ஏன் மறைப்பான். 1658இல் ஒல்லாந்தர் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் பிடித்த பிறகு கத்தோலிக்கக் குருமாருக்கு அடைக்கலம் கொடுப்பதே பெருங்குற்றம். கலியாணம் பதிய வேண்டுமானால், அரச உத்தியோகம் வேண்டுமானால், அவர்களுடைய சபையில் ஞானஸ்நானம் பெற வேண்டும். எழுத்தில் பார்த்தால் வடக்கே பெரும்பகுதி புரட்டஸ்தாந்தம். வீட்டுக்குள் சைவர் சைவராகவும் கத்தோலிக்கர் கத்தோலிக்கராகவும் இருந்தார்கள். ஆங்கிலேயர் வந்து அந்தக் கட்டாயம் போனதும் அந்தப் புரட்டஸ்தாந்தர் கூட்டம் பனி மாதிரிக் கரைந்துவிட்டது. இவர்கள் எந்த விசுவாசத்துக்குத் துரோகம் செய்தார்கள்? பாதிரியார் பதிவேட்டில் இருந்த பெயருக்கா?

பெயரைப் பதிய மனம் வராதவர்கள் காட்டுக்குள் வந்தார்கள். மாந்தையிலிருந்த மாதா சொரூபத்தை 1670 அளவில் மருதமடுவுக்குக் கொண்டுவந்தவர்கள் அவர்கள்தான். ஒல்லாந்தரின் கை வன்னிக் காட்டுக்குள் அவ்வளவாக எட்டவில்லை. திறையாக யானை வந்தால் அவர்களுக்குப் போதும். நெடுங்கேணித் தம்பிக்கு ஒன்று சொல்வேன்: மாவுக்கும் தகரத்துக்கும் மாறினார்கள் என்று எல்லாரையும் ஒரே வாயில் சொல்லாதீர்கள். எங்கள் முன்னோர் மாறாமல் இருப்பதற்காகப் பாம்புக்கும் காய்ச்சலுக்கும் இடையில் வந்து கிடந்தார்கள்.

நெடுங்கேணியான்

பழைய கத்தோலிக்கரை நான் சொல்லவில்லை, அண்ணா. மடுவுக்கு நாங்களும் வருகிறோம். 2009க்குப் பிறகு வந்தவர்களைச் சொல்கிறேன். மாமா செத்தபோது மூத்த மகன் கொள்ளி வைக்கமாட்டேன் என்றான். அதைக் கண்ணால் பார்த்தவன் நான்.

விசுவமடுப் பிள்ளை

நான் அப்படிப்பட்ட மூத்த மகன்தான். உங்கள் மாமாவின் மகன் இல்லை, வேறு வீடு.

அப்பா இறந்த அன்று முற்றத்தில் உரல் வைத்துச் சுண்ணம் இடித்தார்கள். ஓதுவார் திருப்பொற்சுண்ணம் பாடினார். பேரப்பிள்ளைகள் பந்தம் பிடித்தார்கள். எனக்கு அந்தப் பாட்டு முழுவதும் மனப்பாடம், பள்ளிக்கூடத்தில் சைவநெறியில் படித்தவன். நான் சட்டையோடு வேலிக் கதியாலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தம்பி தலை மழித்து, ஈரவேட்டியோடு கொள்ளிக்குடத்தைத் தோளில் வைத்தான். சித்தப்பா என்னைக் கடந்து போகும்போது துப்பிவிட்டுப் போனார். அப்பாவின் சாம்பல் அள்ளப் போகவில்லை, எட்டாம் நாளுக்கும் என்னை அழைக்கவில்லை, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி அழைப்பிதழில் என் பெயர் இல்லை. துரோகி என்று அன்று என்னைச் சொன்னவர்கள் சைவர்கள். ஆகவே நெடுங்கேணி அண்ணா, சைவத்தில் அந்தச் சொல் இல்லை என்று மட்டும் எழுதாதீர்கள்.

மாவுக்காக நான் போகவில்லை. முகாமில் தங்கை காய்ச்சலில் கிடந்தபோது இரவிரவாக வந்து உட்கார்ந்திருந்தவர்கள் அந்தச் சபையார். பிறகு கேட்டேன், நம்பினேன்.

சொல்லைப் பற்றியும் ஒன்று சொல்கிறேன். எங்கள் சபைகளில் அன்றாடம் புழங்குவது ‘பின்மாற்றம்’. ‘அவர் பின்மாற்றத்தில் இருக்கிறார், அவருக்காக ஜெபியுங்கள்’ என்போம். வராதவர், குடிக்குத் திரும்பியவர், கோயிலுக்குப் போனவர் எல்லாருக்கும் அது ஒன்றுதான். அந்தச் சொல்லில் கதவு சாத்தப்படுவதில்லை. துரோகம் என்பதைப் பிரசங்கத்தில் உலகத்தைப் பற்றிப் பேசும்போது சொல்வார்கள். ஆளைக் காட்டிச் சொல்வது அரிது.

முசலி

நான் முஸ்லிம். நுழையலாம்தானே? மதத்தை விட்டவருக்கு எங்களிடம் ‘முர்தத்’ என்ற சொல் இருக்கிறது, அந்த நிலைக்கு ‘ரித்தத்’, ‘இர்திதாத்’ என்பார்கள். ர-த-த என்ற வேர், திருப்பிவிடுதல், திரும்பிப் போதல். நபியவர்கள் 632இல் மறைந்த பிறகு பல அரபுக் குலங்கள் மதீனாவுக்கு ஸக்காத் வரி கட்ட மறுத்தன. முதல் கலீபா அபூபக்கர் (ரலி) காலத்தில் நடந்த அந்தப் போர்களுக்கு ‘ரித்தா’ போர்கள் என்று பெயர். நம்பிக்கையை விட்டார்களா, வரி கட்ட மறுத்தார்களா, அரசை எதிர்த்தார்களா என்று இன்றும் அறிஞர்கள் வாதாடுகிறார்கள். ரீச்சர் கிரேக்கத்துக்குச் சொன்ன திறைக் கதைதான் இங்கேயும்.

எபிரேயத்திலும் திரும்புதல்தான் என்று படித்திருக்கிறேன்.

மல்லாவி ரீச்சர்

ஆம், எரேமியா 3ஆம் அதிகாரம். ‘சீர்கெட்ட பிள்ளைகளே, திரும்புங்கள்’ என்று தமிழில் இருக்கிறது. எபிரேயத்தில் ‘சீர்கெட்ட’ என்பதும் ‘திரும்புங்கள்’ என்பதும் ஒரே வேரிலிருந்து வருபவை: ஷூப். திரும்பிப் போனவர்களே, திரும்பி வாருங்கள் என்று சொல்லலாம். தமிழில் அந்த விளையாட்டு காணாமல் போய்விட்டது. விசுவமடுத் தம்பி சொன்ன ‘பின்மாற்றம்’ அதற்கு எவ்வளவோ கிட்ட நிற்கிறது.

அப்பொஸ்தாசியாவுக்கு ஓர் உறவுக்காரச் சொல்லும் உண்டு. ‘அப்பொஸ்தாசியோன்’: மனைவியை விலக்கும்போது எழுதிக் கொடுப்பது. மத்தேயு 5:31இல் தமிழில் ‘தள்ளுதற்சீட்டு’.

பாலைப்பழம்

அப்படியென்றால் மதம் மாறினால் காணியும் போய்விடுமா? ஆதனம் உள்ள மாமா ஒருவர் எனக்கும் இருக்கிறார்.

மடு வீதி

கிறிஸ்தவம் அரச சமயமான பிறகு உரோமச் சட்டம் அதைத்தான் செய்தது. 381இல் தியோதோசியுஸ், கிறிஸ்தவத்தை விட்டுப் பழைய தேவர்களிடம் போனவர் மரணசாசனம் எழுத முடியாது என்றான். சீட்டு வாங்கி உயிர் தப்பியவர்களின் பேரப்பிள்ளைகள் அதிகாரத்துக்கு வந்ததும் செய்த வேலை. இங்கே வடக்குத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமை மதத்தைப் பார்ப்பதில்லை, முதுசம் என்ற பரம்பரைச் சொத்து சைவருக்கும் கிறிஸ்தவருக்கும் ஒன்றுதான். இலங்கை அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரை விரும்பிய மதத்தை மேற்கொள்ளும் சுதந்திரத்தை எல்லாருக்கும் தருகிறது. 2004இல் பௌத்த பிக்குகளின் கட்சியான ஜாதிக ஹெல உறுமய கொண்டுவந்த மதமாற்றத் தடைச் சட்டமூலமும் சட்டமாகவில்லை. மாமாவை நிம்மதியாக விடுங்கள்.

வட்டக்கச்சியான்

எல்லாருக்கும் நன்றி. சின்னம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். கிரேக்கத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, ‘அவர்களுக்குக் கிரேக்கம் தெரியும் தம்பி, ஆனால் அவர்கள் வன்னியில் இருக்கவில்லையா?’ என்றார். அவருடைய அண்ணனை ஒரு காலத்தில் ‘துரோகி’ என்ற அந்தச் சொல்லைச் சொல்லித்தான் கூட்டிக்கொண்டு போனார்கள். யார் என்று எழுதமாட்டேன்.

மல்லாவி ரீச்சர்

இதற்குத்தான் நான் சுற்றிச்சுற்றி வந்தேன், உங்கள் சின்னம்மா நேரே சொல்லிவிட்டார். அந்தச் சொல் எழுதிய அட்டை மின்கம்பத்தில் தொங்கியதைப் பார்த்த தலைமுறை நாங்கள். பவரின் குழுவுக்கு அது தெரிய நியாயமில்லை. அவர்கள் காலத்தில் அது வடமொழியிலிருந்து வந்த ஓர் ஏட்டுச் சொல். இங்கே இருந்து, இதையெல்லாம் கடந்து வந்து, பிறகும் ஒலிபெருக்கியில் அதை ஒரு பெண்மீது எறிகிறவருக்கு அந்தச் சலுகை கிடையாது.

நெடுங்கேணியான்

வேறு என்ன சொல் போடுவது? ‘மதத்துறப்பு’ என்று பத்திரிகைகளில் எழுதுகிறார்கள்.

மல்லாவி ரீச்சர்

‘துறப்பு’ என்றதும் எனக்குக் காவியும் கமண்டலமும்தான் தெரிகின்றன. சட்டப் புத்தகத்துக்குப் போதும். ஊருக்குள் பேசுவதற்குப் பெயர்ச்சொல்லே வேண்டாம். கோயிலுக்குப் போகிறார், சபைக்குப் போவதில்லை. வினைச்சொல்லே வேலையை முடித்துவிடும்.

விசுவமடுப் பிள்ளை

ரீச்சர், இதில் நான் உங்களோடு முழுதும் இல்லை. வெளியில் நின்று பார்ப்பவருக்கு அது போதும். உள்ளே இருப்பவருக்கு ஒருவர் போவது வெறும் வருகைப் பதிவேடு அல்ல. எபிரேயர் 6ஆம் அதிகாரத்தில் ‘மறுதலித்துப்போனவர்கள்’ என்று வருகிற இடம் எழுதியவருக்கே வலித்து எழுதிய இடம். அதை வாசிக்காமல் தாண்டுங்கள் என்று எந்தப் போதகருக்கும் நான் சொல்லமாட்டேன்.

ஆனால் பெயர் சொல்லி ஒலிபெருக்கியில் சொன்னது தவறு, அதற்கு வசனமே இருக்கிறது. மத்தேயு 18:15. சகோதரன் குற்றம் செய்தால் முதலில் நீயும் அவனும் தனித்திருக்கையில் பேசு என்கிறது. சபைக்குச் சொல்வது அதற்குப் பிறகு, சாட்சிகளோடும் போய்ப் பேசிப் பார்த்த பிறகு. வட்டக்கச்சி அண்ணா, அந்தப் போதகரிடம் கிரேக்கத்தைக் கொண்டு போகாதீர்கள், அவர் உங்களோடு வாதாடுவார். இந்த வசனத்தைக் கொண்டு போங்கள். சின்னம்மாவின் வீட்டுக்கு அவர் ஒருமுறையாவது வந்து பேசினாரா என்று மட்டும் கேளுங்கள். வேண்டுமானால் நானும் கூட வருகிறேன், விசுவமடுவிலிருந்து கிட்டத்தானே.